தரையைத் தொட்டபடியே எதிர்ப்பக்கம் சுழன்ற சக்கரம்: ஒரு நிகழ்வு ஆய்வு

பஞ்சரான வலது பின்சக்கரத்தைக் கழற்றுவதற்காக ஜாக்கி வைத்தபோது, பார்க் கியரில் நின்றிருந்த பண்ணை வேலை வண்டி ஒன்று சரிவில் பின்னோக்கி நகர்ந்தது. ஜாக்கி சாய்ந்து, அதன் கைப்பிடி ஓட்டுநரின் முன்கையில் அடித்தது. வண்டி முக்கால் மீட்டர் போய்த் தானாகவே நின்றுவிட்டது. கை வீங்கியதே தவிர எலும்புக்கு ஒன்றும் ஆகவில்லை. அவர் அப்போது சக்கரத்துக்கு நேர் பின்னால் குனிந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைக்கவே எனக்குப் பிடிக்கவில்லை.

பண்ணையின் பதிவேட்டில் அன்று மாலையே எழுதிவிட்டார்கள்: "பார்க் கியர் போடாமல் ஜாக்கி வைத்ததால் விபத்து." ஓட்டுநர் மட்டும் இதை ஒப்புக்கொள்ளவில்லை. இரண்டு விஷயங்களை அவர் திரும்பத் திரும்பச் சொன்னார். பார்க் கியர் போட்டிருந்தேன். வண்டி நகர்ந்தபோது டயர் இன்னும் தரையில்தான் இருந்தது. முதலாவதை யாரும் நம்பவில்லை. இரண்டாவதை யாரும் பொருட்படுத்தவே இல்லை. மூன்று நாள் கழித்து வண்டியைப் பார்க்க என்னை அழைத்தார்கள். அந்த இரண்டாவது வாக்கியம்தான் இந்த ஆய்வின் திறவுகோலாக அமைந்தது.

வண்டியும் இடமும்

இருவர் பக்கம் பக்கமாக உட்காரும் வகை. பின்னால் சரக்குத் தொட்டி. இன்ஜினிலிருந்து கியர்ப்பெட்டிக்கு பெல்ட் வழியாக விசை போகிறது. கால்பிரேக் நான்கு சக்கரங்களிலும் தனித்தனி டிஸ்க்கைப் பிடிக்கும். கைபிரேக் என்று தனியாக ஒன்றும் கிடையாது. நிறுத்தி வைக்க இருப்பது பார்க் கியர் மட்டும்தான்: கியர்ப்பெட்டிக்குள் பல்வெட்டிய ஒரு சக்கரம், அதன் பள்ளத்தில் போய் விழும் ஒரு கொக்கி. கொக்கி விழுந்துவிட்டால் கியர்ப்பெட்டியிலிருந்து வெளியே போகும் ஷாஃப்ட் சுழல முடியாது.

ஓட்டுநருக்கு முன்னுள்ள பலகையில் மூன்று நிலை ஸ்விட்ச் ஒன்று உண்டு. கீழ் நிலையில் பின் டிஃபரன்ஷியல், அதாவது இரு பின்சக்கரங்களும் வெவ்வேறு வேகத்தில் சுழல இடம் கொடுக்கும் கியர் அமைப்பு, திறந்திருக்கும். புல்தரையைக் கிழிக்காமல் வளைவதற்கான நிலை இது. நடு நிலையில் பின் டிஃபரன்ஷியல் லாக் ஆகி, இரு பின்சக்கரங்களும் ஒன்றாகவே சுழலும். மேல் நிலையில் முன்சக்கரங்களும் சேர்ந்து இழுக்கும்.

வண்டியின் எடை சுமார் 650 கிலோ. தொட்டியில் தண்ணீர்க் கேன்களும் வேலிக் கம்பங்களுமாக ஏறக்குறைய 250 கிலோ. ஆகமொத்தம் 900. வண்டியின் முன்பக்கம் மேட்டைப் பார்த்து நின்றது. சரிவை அளக்க ஒரு மீட்டர் நீளப் பலகையையும் ரசமட்டத்தையும் எடுத்துப் போயிருந்தேன். பலகையின் ஒரு முனையைத் தரையில் ஊன்றி, மறுமுனையை மட்டத்துக்குக் கொண்டுவந்தால் அடியில் 17.5 சென்டிமீட்டர் இடைவெளி. அதாவது 10 பாகை. கண்ணுக்கு அது ஒரு சரிவாகவே தோன்றாது. நடந்து ஏறினால் மூச்சு வாங்காது. வண்டிக்கு அது போதும்.

முதல் பரிசோதனை எங்கே தவறியது

விபத்து நடந்த மாலையே வேறொரு மெக்கானிக் வந்து பார்த்திருக்கிறார். அவர் கவனமில்லாதவர் என்று சொல்ல மாட்டேன். டயரை மாற்றி, வண்டியை ஷெட்டுக்கு ஓட்டிவந்து, பார்க் கியரில் போட்டு, பின்பக்கம் முழுவதையும் தூக்கிச் சக்கரங்களை அசைத்துப் பார்த்திருக்கிறார். இரண்டும் அசையவில்லை. ஸ்விட்ச் நடு நிலையில், லாக்கில் இருந்தது. கொக்கி சரியாக விழுகிறது, லாக் சரியாகப் பிடிக்கிறது. எல்லாம் சரியாக இருக்க வண்டி நகர்ந்ததென்றால், ஓட்டுநர் பார்க் கியர் போடவில்லை என்ற முடிவுக்கு வந்துவிட்டார்.

அந்தச் சோதனைகளில் தவறில்லை. ஆனால் அவர் சோதித்த வண்டியும் விபத்தின்போது நின்ற வண்டியும் ஒரே நிலையில் இல்லை. இடையில் வண்டி ஷெட்டுவரை ஓடியிருந்தது. அந்த ஓட்டத்தில் ஒரு சிறிய பாகம் இடம் மாறிவிட்டது. அதைப் பிறகு சொல்கிறேன்.

புல்லில் கிடந்த சாட்சி

நல்லவேளையாக அந்த இடத்தில் அதன்பிறகு யாரும் வண்டி ஓட்டவில்லை. மண் காய்ந்து, தடங்கள் அச்சு வார்த்ததுபோல இருந்தன. நான் முழங்காலிட்டு ஒவ்வொன்றாகப் பார்த்தேன்.

இடது பின்சக்கரத்தின் தடத்தில் டயர்க் கட்டைகளின் அச்சு ஒவ்வொன்றும் தனித்தனியாக, ஓரம் சிதையாமல் பதிந்திருந்தது. அந்தச் சக்கரம் வழுக்கவில்லை, அமைதியாக உருண்டிருக்கிறது. பார்க் கியரில் நிற்கும் வண்டியில் பின்சக்கரம் உருளலாமா என்ற கேள்வி இங்கேயே எழுகிறது. ஓட்டுநருக்கு எதிரான சாட்சியாகத்தான் முதலில் இதைப் பார்த்தேன் என்பதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன்.

வலது பக்கம் கதை வேறு. பஞ்சரான டயர் நின்ற இடத்திலிருந்து ஒரு சாண் நீளத்துக்குப் புல் வேரோடு உரிந்திருந்தது. உரிந்த புல்லும் மண்ணும் சரிவின் கீழ்ப்பக்கமாக வாரி எறியப்பட்டிருந்தன. சற்று யோசியுங்கள். வண்டி கீழ்நோக்கி நகர்கிறது. பூட்டிக்கொண்ட சக்கரம் கீழே இழுபட்டால், தரையை நீளமாகத் தேய்த்த வடுதான் விழும். இங்கே அப்படியில்லை. இன்ஜினின் பலத்தில் ஏறப் பார்க்கும் சக்கரம் மண்ணைப் பின்னால் வாரி எறியுமே, அப்படி எறிந்திருந்தது. வண்டி பின்னோக்கிப் போக, வலது சக்கரம் முன்னோக்கிச் சுழன்றிருக்கிறது. இன்ஜினோ அணைந்திருந்தது, சாவி ஓட்டுநரின் சட்டைப்பையில் இருந்தது.

இடது சக்கரம் ஒரு திசை, வலது சக்கரம் எதிர்த்திசை. இப்படி நடக்க ஒரே ஒரு வழிதான் உண்டு. டிஃபரன்ஷியல் திறந்திருக்க வேண்டும். அதைவிட முக்கியமாக, அதை இயக்கும் ஷாஃப்ட் இறுக்கிப் பிடிக்கப்பட்டிருக்க வேண்டும். நியூட்ரலில் விட்டிருந்தால் இரண்டு சக்கரங்களும் ஒரே திசையில் சுகமாக உருண்டு கீழே போயிருக்கும். புல் உரிந்திருக்கவே உரிந்திருக்காது. ஆக, வலது பக்கம் உரிந்த அந்த ஒரு சாண் புல்தான் ஓட்டுநர் பார்க் கியர் போட்டிருந்தார் என்பதற்கான ஆதாரம். எதிர்ச்சாட்சி என்று நினைத்தது அவர் பக்கம் பேசத் தொடங்கியது.

டிஃபரன்ஷியலுக்குள் என்ன நடந்தது

வளைவில் வெளிப்பக்கச் சக்கரம் உள்பக்கச் சக்கரத்தைவிட நீண்ட தூரம் போக வேண்டும். இரண்டையும் ஒரே ஆக்சிலில் இறுகப் பிணைத்தால் ஏதாவது ஒன்று தரையில் தேயும். இதற்காகத்தான் டிஃபரன்ஷியல். ஷாஃப்டின் முனையில் உள்ள பினியன் என்ற சிறு பல்சக்கரம், கிரவுன் என்ற பெரிய பல்சக்கரத்தைச் சுழற்றுகிறது. கிரவுனோடு சேர்ந்து ஒரு கூடு சுழல்கிறது. கூட்டுக்குள் சிறிய ஸ்பைடர் கியர்கள், அவற்றின் இரு பக்கமும் இடது ஆக்சிலின் கியரும் வலது ஆக்சிலின் கியரும் பல்லோடு பல் கோத்து நிற்கின்றன.

ஸ்பைடர் கியரைத் தராசுத் தண்டாக நினைத்துக்கொள்ளுங்கள். நடுவில் பிடி, இரு முனையிலும் சமதூரத்தில் இரண்டு தட்டு. ஒரு தட்டில் எவ்வளவு எடை நிற்குமோ அவ்வளவுதான் மறு தட்டிலும் நிற்கும். கூடுதலாக வைத்தால் தண்டு சாய்ந்துவிடும். டிஃபரன்ஷியலும் அப்படியே இரு ஆக்சிலுக்கும் திருகுவிசையைச் சமமாகப் பகிர்கிறது. சமமாக மட்டுமே பகிர முடியும் என்பதுதான் சிக்கல். ஒரு சக்கரத்தின் பிடி குறைந்தால், மறு சக்கரம் பாறை மேல் நின்றாலும் அதே குறைந்த அளவு விசைதான் அதற்கும் கிடைக்கும். மொத்தப் பிடி எப்போதும் பலவீனமான சக்கரத்தின் பிடியைப்போல் இரண்டு மடங்கு.

சேற்றில் ஒரு சக்கரம் வீணாகச் சுழல, மறு சக்கரம் அசையாமல் நிற்பதை எல்லோரும் பார்த்திருப்போம். அது விசை கொடுக்கும்போது. அதே விதி பிடித்து நிறுத்தும்போதும் எழுத்துக்கு எழுத்து பொருந்தும் என்பதை நெடுங்காலம் வண்டி ஓட்டியவர்கள்கூட நினைத்துப் பார்ப்பதில்லை. பார்க் கொக்கி பிடிப்பது ஷாஃப்டை. ஷாஃப்டுக்கும் சக்கரத்துக்கும் நடுவில் டிஃபரன்ஷியல் உட்கார்ந்திருக்கிறது. கிரவுனும் கூடும் அசையாமல் நின்றாலும், ஸ்பைடர் கியர்கள் தம் அச்சில் சுழலத் தடையில்லை. ஒரு ஆக்சில் முன்னே போக மறு ஆக்சில் அதே அளவு பின்னே போகும்.

டயர் தரையில்தான் இருந்தது

இப்போது ஓட்டுநரின் இரண்டாவது வாக்கியத்துக்கு வருகிறேன். சக்கரம் அந்தரத்தில் தொங்கினால் பிடி பூச்சியம், அதன் இருமடங்கும் பூச்சியம், வண்டி ஓடிவிடும். இதை எளிதில் ஒப்புக்கொள்வார்கள். ஆனால் டயர் தரையைத் தொட்டுக்கொண்டிருக்கும்போதே எப்படி நகரும்? கணக்குப் போட்டுப் பார்த்தேன்.

10 பாகைச் சரிவில் 900 கிலோ வண்டியைக் கீழே இழுக்கும் விசை, 900-ஐ 0.174-ஆல் பெருக்கினால் கிடைக்கும்: சுமார் 156 கிலோ எடைக்குச் சமம். புல்தரையில் டயர் உருள்வதற்கான தடை இதில் ஒரு பங்கைத் தானே தாங்கிக்கொள்ளும். அதற்கு 40 கிலோ என்று தாராளமாகவே விட்டுக்கொடுக்கிறேன். மீதி 116 கிலோவைப் பின்சக்கரங்கள் பிடிக்க வேண்டும். முன்சக்கரங்கள் அந்த நிலையில் எதனோடும் இணையாமல் சும்மா உருள்பவை. அவற்றால் உதவி இல்லை. டிஃபரன்ஷியல் திறந்திருந்தால் ஆளுக்குச் சரிபாதி, 58 கிலோ.

ஈரப் புல்லில் டயரின் பிடிமானக் கெழுவை, அதாவது சக்கரத்தின் மேல் அழுத்தும் எடையில் எத்தனை பங்கு பிடியாகக் கிடைக்கும் என்ற எண்ணை, 0.4 என்று வைத்தேன். 58 கிலோ பிடிக்க, சக்கரத்தின் மேல் குறைந்தது 145 கிலோ எடை அழுத்த வேண்டும். வண்டி எடையில் 60 சதவீதம் பின்பக்கம் விழுவதாகக் கொண்டால், ஒவ்வொரு பின்சக்கரத்தின் மேலும் தொடக்கத்தில் இருந்தது 270 கிலோ. ஜாக்கியின் கைப்பிடியைச் சுற்றச் சுற்ற வலது சக்கரத்தின் எடையை ஜாக்கி கொஞ்சம் கொஞ்சமாக வாங்கிக்கொள்கிறது. 270 குறைந்து 145-க்கு வரும் அந்தக் கணத்தில் வண்டி கிளம்பிவிடும். சக்கரத்தின் மேல் பாதிக்கு மேற்பட்ட எடை அப்போதும் தரையில்தான் இருக்கிறது. காற்றில்லாத டயர் இன்னும் சப்பையாகப் படுத்துக்கொண்டுதான் இருக்கிறது.

பிடிமானக் கெழுவையும் உருளல் தடையையும் கொஞ்சம் மாற்றிப்போட்டால் 145 என்பது 120 ஆகலாம், 180 ஆகலாம். டயர் எழும்புவதற்கு வெகு முன்பே வண்டி நகரும் என்ற முடிவு மட்டும் மாறவில்லை. ஓட்டுநர் கண்ணால் பார்த்ததைத்தான் சொல்லியிருக்கிறார். யாரும் கேட்கவில்லை.

வண்டி ஏன் தானாக நின்றது என்பதும் இதிலேயே தெளிவாகிறது. ஜாக்கி சாய்ந்ததும் எடை முழுவதும் வலது டயரின் மேல் திரும்ப விழுந்தது. உரசிச் சுழன்றுகொண்டிருந்த டயருக்குப் பிடி மீண்டது. பார்க் கியர் மறுபடி வேலை செய்யத் தொடங்கியது. பார்க்க வந்தவர்கள் கண்டது, பார்க் கியரில் உறுதியாக நிற்கும் வண்டியை!

ஷெட்டில் செய்துகாட்டியது

கணக்கைச் சொன்னால் நம்பாதவர்கள் கண்ணால் கண்டால் நம்புவார்கள். சமதரையில் முன்சக்கரங்களுக்குக் கட்டை கொடுத்து, பின்பக்கம் முழுவதையும் தூக்கித் தாங்கிகளில் நிறுத்தினேன். இரு டயரின் பக்கவாட்டிலும் சாக்பீஸால் நேர் மேலே ஒரு கோடு. ஸ்விட்ச் கீழ் நிலையில், டிஃபரன்ஷியல் திறந்து. கியர் பார்க்கில். பிறகு ஓட்டுநரையே அழைத்தேன்.

"வலது சக்கரத்தைச் சுற்றுங்கள் தம்பி."

"பார்க்கில் இருக்கிறதே ஐயா, சுற்றாது."

"சுற்றிப் பாருங்கள்."

இரண்டு கையாலும் பிடித்துத் திருப்பினார். சக்கரம் எதிர்ப்பின்றிச் சுழன்றது. வலது கோடு முன்பக்கம் கால்வட்டம் இறங்க, இடது கோடு பின்பக்கம் சரியாகக் கால்வட்டம் இறங்கியது. அவர் ஒன்றும் பேசாமல் திரும்பவும் சுற்றினார். மறுபடியும். பண்ணை மேற்பார்வையாளரும் வந்து தன் கையால் ஒருமுறை சுற்றிப் பார்த்தார்.

பிறகு தாங்கிகளை எடுத்துச் சமதரையில் இறக்கி, லாக்கில் போட்டு, சில மீட்டர் முன்னும் பின்னும் ஓட்டி, மறுபடி தூக்கினோம். இப்போது எந்தச் சக்கரமும் மயிரிழை அசையவில்லை. முதல் மெக்கானிக் கண்டது இதைத்தான்.

நடுவில் நின்ற ஸ்விட்ச்

ஒரு முடிச்சு மிச்சம் இருந்தது. விபத்துக்குப் பிறகு ஸ்விட்ச் லாக் நிலையில் இருந்ததை மூன்று பேர் பார்த்திருக்கிறார்கள். லாக் போட்டிருந்தால் டிஃபரன்ஷியல் எப்படித் திறந்திருக்கும்?

ஓட்டுநரிடம் நிறுத்திய வரிசையைக் கேட்டேன். புல்லைக் கிழிக்காமல் திருப்புவதற்காகக் கீழ் நிலையில் வைத்து வளைந்திருக்கிறார். வளைவிலேயே பின்பக்கம் தொய்வதை உணர்ந்து நிறுத்தினார். பார்க் போட்டார். "சரிவில் நிறுத்தினால் லாக்கில் வை" என்று அங்கே சொல்லிக் கொடுத்திருந்ததை நினைவில் வைத்து ஸ்விட்சை நடு நிலைக்குத் தள்ளினார். சாவியை அணைத்து எடுத்துக்கொண்டார். சொல்லிக் கொடுத்த எதையும் அவர் விடவில்லை. இதை நான் அழுத்திச் சொல்ல விரும்புகிறேன், ஏனென்றால் பதிவேட்டில் இருந்தது இதற்கு நேர்மாறு.

அந்த ஸ்விட்ச் டிஃபரன்ஷியலை நேரடியாகப் பூட்டுவதில்லை. ஒரு சிறு மோட்டாருக்குக் கட்டளை அனுப்புகிறது. மோட்டார் ஒரு கவையைத் தள்ள, கவை பல் வெட்டிய ஒரு வளையத்தை நகர்த்த, வளையத்தின் பற்கள் எதிரே உள்ள பள்ளங்களில் நுழைந்தால்தான் லாக். வளைந்து நின்ற வண்டியில் அந்தப் பல்லும் பள்ளமும் நேருக்கு நேர் இருக்கும் என்று எந்த நிச்சயமும் இல்லை. பல்லின் மேல் பல் முட்டிக்கொண்டு நிற்கும். லாக் விழுந்ததா என்று ஓட்டுநருக்குக் காட்டும் சிறு விளக்கு அப்போது நிலையாக எரியாமல் மினுக்கிக்கொண்டிருக்கும். சக்கரம் கொஞ்சம் உருண்டால் பல் நேராகிப் படக்கென்று விழும்.

சில வண்டிகளில் கவைக்குப் பின்னால் சுருள்வில் இருக்கும். மின்சாரம் நின்றாலும் வில் தள்ளிக்கொண்டே இருப்பதால், பல் நேரானதும் வளையம் தானே உள்ளே போய்விடும். இந்த வண்டியில் வில் இல்லை, மோட்டார்தான் தள்ள வேண்டும். சாவியை அணைத்தால் வளையம் எட்டிய இடத்திலேயே நின்றுவிடும். விபத்து நடந்த இடத்துக்கே வண்டியைக் கொண்டுபோய், கால்பிரேக்கில் ஒருவரை உட்காரவைத்து, அதே வளைவில் திரும்பி நிறுத்திப் பலமுறை சோதித்தேன். பெரும்பாலான முறை விளக்கு மினுக்கியபடியே இருந்தது. கால் மீட்டர் நகர்த்தியதும் விழுந்தது.

முதல் மெக்கானிக் சாவியைப் போட்டு ஷெட்டுக்கு ஓட்டிய முதல் சில அடிகளிலேயே வளையம் உள்ளே போயிருக்கிறது. அவர் தூக்கிப் பார்த்தபோது எல்லாம் சரியாக இருந்ததற்கு இதுதான் காரணம்.

லாக் விழுந்திருந்தால்?

மேற்பார்வையாளர் இதைக் கேட்டதும் ஆறுதலடைந்தார். "அப்படியானால் விளக்கைப் பார்த்து நிறுத்தச் சொன்னால் போதும்" என்றார். போதாது. அதற்கும் கணக்குப் போட்டுக் காட்டினேன்.

லாக் விழுந்திருந்தால் இரு பின்சக்கரங்களின் பிடியும் கூட்டாகக் கிடைக்கும். 116 கிலோவைப் பிடிக்க, பின்பக்கம் மொத்தம் 290 கிலோ தரையில் அழுத்தினால் போதும். வலது சக்கரம் முழுவதும் எழும்பினால் மிஞ்சுவது இடது பக்கத்தின் 270 கிலோ. இருபது கிலோ போதவில்லை. அதாவது உருள்வதற்குப் பதிலாக, டயர் எழும்பும் தறுவாயில் வண்டி வழுக்கியிருக்கும். ஜாக்கி ஒரு மூலையைத் தூக்கும்போது பக்கத்து மூலைகளின் எடை சற்று மாறும் என்பதால் அந்த இருபது கிலோ அங்கே இங்கே போகலாம். எப்படியானாலும் ஒரு ஆளின் கை அடியில் இருக்கும்போது நம்பி நிற்கக்கூடிய இடைவெளி அது இல்லை. அந்தச் சரிவில், ஈரப் புல்லில், கட்டை கொடுக்காமல் ஜாக்கி வைக்கவே கூடாது. முன்சக்கரங்கள் இரண்டுக்கும் சரிவின் கீழ்ப்பக்கம் கட்டை கொடுத்திருந்தால் டிஃபரன்ஷியல் திறந்திருந்தாலும் இந்த ஆய்வை எழுத வேண்டி வந்திருக்காது. பார்க் கியருக்கு வெளியே சும்மா உருளும் சக்கரங்களைத்தான் கட்டை முதலில் பிடிக்க வேண்டும்.

வேறு வண்டிகளில் இது எப்படி

நிறுத்தும் பிடி டிஃபரன்ஷியலுக்கு முன்னால் இருக்கிறதா, பின்னால் இருக்கிறதா என்பதைத்தான் எந்த வண்டியிலும் முதலில் பார்ப்பேன். சக்கரத்திலேயே டிஸ்க்கைப் பிடிக்கும் பிரேக் பின்னால் இருப்பது. ஒரு சக்கரம் தூக்கினாலும் மற்றவை பிடித்தபடி நிற்கும். ஷாஃப்டைப் பிடிக்கும் டிஸ்க்கோ டிரம்மோ முன்னால் இருப்பது. பழைய லேண்ட் ரோவர் டிஃபெண்டரின் கைபிரேக் டிரம், முன், பின் சக்கரங்களுக்கு விசையைப் பிரிக்கும் டிரான்ஸ்ஃபர் பெட்டியிலிருந்து பின்னால் போகும் ஷாஃப்டில்தான் இருந்தது. அதில் ஒரு பின்சக்கரத்தைத் தூக்கினால் கைபிரேக் செயலிழந்துவிடலாம் என்பது அந்த வண்டியோடு பழகியவர்கள் அனைவருக்கும் பாடம். நமது வேலை வண்டிகளில் பலவும் அதே அமைப்பைத்தான் சுமந்து வருகின்றன. அந்தப் பாடம் மட்டும் கூட வரவில்லை.

கைப்பிடியால் திருப்பி ஓட்டும், குதிரைமேல் உட்கார்வதுபோல் உட்காரும் வண்டிகள் பலவற்றில் பின்பக்கம் டிஃபரன்ஷியலே கிடையாது. இரு சக்கரமும் ஒரே ஆக்சிலில் இறுகியிருக்கும். ஆக்சிலின் நடுவிலோ ஓரத்திலோ ஒரே ஒரு பிரேக் இருந்தாலும் இரு சக்கரத்தையும் அது பிடிக்கும். அவற்றில் இந்த விபத்து இதே உருவில் நடக்காது. வளைவில் உள்பக்கச் சக்கரம் இழுபடுவதும், ஓட்டுபவர் உடலைச் சாய்த்துக் கொடுக்க வேண்டியிருப்பதும் அதற்குக் கொடுக்கும் விலை. அவற்றில் சிலவற்றில் பிரேக் நெம்புகோலை அழுத்திய நிலையிலேயே கொக்கி மாட்டி நிறுத்துவார்கள். அது பிரேக் எண்ணெயின் அழுத்தத்தை நம்பி நிற்பது. எங்காவது ஒரு சீல் மெல்லக் கசிந்தால், சில மணி நேரத்தில் பிடி தளர்ந்துவிடும். ஒரு இரவு முழுக்கச் சரிவில் அதை நம்பி விடக்கூடாது.

முன்சக்கர இழுப்பைப் போட்டுவைத்தால் பார்க் கியருக்கு முன்சக்கரங்களும் துணை வருமா? பல் கோத்து இணையும் வகையில், இணைந்திருக்கும்வரை, வரும். அங்கும் முன் டிஃபரன்ஷியல் திறந்திருந்தால் அதே இருமடங்குக் கணக்குத்தான். மின்காந்தம் உருளைகளைப் பிடித்து இணைக்கும் வகையில், சாவியை எடுத்ததும் மின்காந்தம் விட்டுவிடும். நிறுத்தி வைப்பதற்கு அதை எண்ணிக்கையில் சேர்க்காதீர்கள். அந்த வகை வண்டிகள் பலவற்றில் இறக்கத்தில் இன்ஜின் பிரேக்கிங்கும் முன்சக்கரங்களுக்குப் போவதில்லை. பின்சக்கரம் மட்டுமே இழுத்துப் பிடிப்பதால், சுமையோடு இறங்கும்போது பின்பக்கம் ஒதுங்கப் பார்க்கும். இறக்கத்தில் நான்கு சக்கரத்துக்கும் பிடி கிடைக்கும்படி தனி ஏற்பாடு உள்ள வண்டிகளும் இருக்கின்றன. கையேட்டில் அதைத் தேடிப் படித்துவிட்டு இறங்குவது நல்லது.

இதே விதியை நமக்குச் சாதகமாகவும் திருப்பலாம். லாக் இல்லாத வண்டியில் ஒரு சக்கரம் சேற்றில் வீணாகச் சுழன்றால், விசையைக் கொடுத்தபடியே கால்பிரேக்கை மெல்ல அழுத்துங்கள். சுழலும் சக்கரத்துக்கு பிரேக் ஒரு சுமையைக் கொடுக்கிறது. அந்தத் தட்டில் எடை ஏறியதும் மறு தட்டிலும் அதே அளவு எடை நிற்கும். பிடியுள்ள சக்கரத்துக்கும் விசை போய், பலமுறை வண்டி வெளியே வந்துவிடும். கார்களில் மின்னணுவியல் தானாகச் செய்வது இதைத்தான். சக்கரத்துக்குச் சக்கரம் பிரேக் இருக்கும் வண்டியில் மட்டும்தான் இது பலிக்கும். ஷாஃப்டில் பிரேக் இருக்கும் வண்டியில் செய்தால் பெல்ட் கருகும் வாடைதான் மிஞ்சும்.

மாற்றியவை

வண்டியில் எந்தப் பாகத்தையும் மாற்றவில்லை. பழுதான பாகம் எதுவும் இல்லை. தொட்டியின் பக்கத்தில் சங்கிலி போட்டு இரண்டு மரக்கட்டைகள் மாட்டினோம். சங்கிலி முன்சக்கரம்வரை எட்டும் நீளம். எடுத்துப் போட்டுவிட்டு மறந்துபோக வழியில்லாதபடி. நிறுத்தும் வரிசையையும் மாற்றினோம். முன்பு பார்க், பிறகு லாக், பிறகு சாவி. இப்போது உருண்டுகொண்டிருக்கும்போதே லாக், விளக்கு நிலையாக எரிவதைப் பார்த்து கால்பிரேக், பிறகு பார்க், கடைசியில் சாவி. பஞ்சரானால் எவ்வளவு மெதுவாகவேனும் சமதரைக்கு ஓட்டிவந்த பிறகுதான் ஜாக்கி. டயர் பாழானாலும் பரவாயில்லை.

வண்டியோடு வந்த கையேட்டை ஒரு வரி விடாமல் வாசித்தேன். சரிவில் ஜாக்கி வைக்காதே என்று ஒரு வரி இருந்தது. டிஃபரன்ஷியல் திறந்திருந்தால் பார்க் கியரின் பிடி ஒரு சக்கரத்தின் பிடிக்குக் கட்டுப்பட்டது என்ற சேதி எந்தப் பக்கத்திலும் இல்லை. ஸ்விட்சுக்குப் பக்கத்தில் ஒட்டக்கூடிய இரண்டு வரி அது. காரணம் தெரிந்தவர் அந்த எச்சரிக்கையை மதிப்பார். காரணம் தெரியாதவர், நாள் முழுக்கச் சரிவிலேயே வேலை செய்பவர், அவசரத்தில் மீறத்தான் செய்வார். நாங்கள் கையால் எழுதி ஒட்டினோம்.

பதிவேட்டில் பழைய வரியை அடிக்காமல், அதன் கீழே புதிதாக எழுதும்படி கேட்டுக்கொண்டேன். மேற்பார்வையாளரே எழுதினார்: "பார்க் கியர் போடப்பட்டிருந்தது. பின் டிஃபரன்ஷியல் லாக் ஸ்விட்ச் போடப்பட்டும் பல் இணையவில்லை. ஜாக்கி எடையை வாங்கியபோது, டயர் தரையில் இருக்கும்போதே வண்டி நகர்ந்தது. சக்கரங்களுக்குக் கட்டை கொடுக்கும் நடைமுறை அதுவரை இல்லை." கட்டு அவிழ்க்காத கையோடு ஓட்டுநர் அதை இரண்டு முறை வாசித்தார். பிறகு "டயர் தரையில் இருக்கும்போதே" என்ற இடத்தில் விரலை வைத்து, என்னைப் பார்த்துத் தலையசைத்தார்.